நீட்டியும் விடாத இடுப்பு சோம்பல் முறித்தால் விடுவது ஏன்? சொமாட்டிக் அசைவு முறை பற்றிய விவாத இழை

நாணல் (இழையைத் தொடங்கியவர்)

இடுப்பு இறுக்கத்துக்கு நீட்டிப்புப் பயிற்சி செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. செய்த கையோடு இலகுவாக இருக்கிறது, ஒரு மணி நேரம் போனால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. அதற்குக் காரணம் என்ன, சொமாட்டிக் அசைவு முறை அதை எப்படி வேறு வழியில் அணுகுகிறது என்பதைப் பேசத்தான் இந்த இழை.

தூங்கி எழுந்த பூனையைக் கவனியுங்கள். அது உடம்பை நீட்டுகிறது என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். உற்றுப் பார்த்தால் முதுகுத் தசையையும் கால் தசையையும் முதலில் தானே இறுக்குகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, கடைசியில் ஒரு நொடி அப்படியே நிற்கிறது. காலையில் நாம் சோம்பல் முறிப்பதும் இதே வரிசைதான்: இறுக்கு, மெல்ல விடு, சும்மா இரு. வெளியிலிருந்து யாரும் இழுத்துவிடுவதில்லை. அமெரிக்கரான தாமஸ் ஹன்னா (1928–1990) தன் முறையின் நடுவில் வைத்தது இந்தச் சோம்பல் முறித்தலைத்தான்.

தத்துவம் கற்பித்த ஹன்னா, மெதுவான அசைவுகள் வழியே உடலுணர்வைக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் பாடம் கேட்டவர். கலிபோர்னியாவின் நொவாட்டோவில் நிலையம் வைத்து நடத்தினார். ‘சொமாட்டிக்ஸ்’ என்ற பெயரை 1976-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ‘சோமா’ என்றால் கிரேக்கத்தில் உடல். ஆனால் அவர் சொன்னது கண்ணாடியில் தெரியும் உடலை அல்ல, உள்ளிருந்து உணரப்படும் உடலை. நெடுநாள் இறுகியே கிடக்கும் தசையை ‘இறுக்கியிருக்கிறேன்’ என்றே மனம் அறியாத நிலைக்கு ‘உணர்வு-இயக்க மறதி’ என்று பெயர் வைத்தார். தான் பிடித்திருப்பதே தெரியாதபோது எப்படி விடுவது? இந்த முறை தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.

தசைநார் (பிசியோதெரபி)

நல்ல தொடக்கம் நாணல். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘உணர்வு-இயக்க மறதி’ என்பது ஹன்னா வைத்த பெயர், மருத்துவ நோயறிதல் அல்ல. அதற்குக் கீழே இருக்கும் நிகழ்வு மட்டும் உண்மை. எளிதாகப் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று சொல்கிறேன்.

நின்றபடி முன்னால் குனிந்தால் பாதி தூரம் வரை முதுகுத்தண்டை ஒட்டிய நீளத் தசைகள் உடல் எடையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். முழுவதும் குனிந்து தொங்கும்போது எடையை முதுகெலும்பின் இணைப்பு நார்கள் ஏற்றுக்கொள்ளும், தசையின் மின் சமிக்ஞை கிட்டத்தட்ட அணைந்துவிடும். ஃப்ளாய்ட், சில்வர் என்ற ஆய்வாளர்கள் 1950களில் பதிவு செய்தது இது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள பலரிடம் அது அணைவதில்லை. வேலை முடிந்த பிறகும் தசை கதவை மூடாமல் காவல் நிற்கிறது. ‘உங்கள் முதுகு இறுகியிருக்கிறதா’ என்று அவர்களிடம் கேட்டால் ‘வலிக்கிறது’ என்பார்கள், ‘இறுகியிருக்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள்.

நீட்டிப்பு ஏன் நிலைப்பதில்லை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. சில வாரங்கள் நீட்டிப்பு செய்தால் கூடுதலாகக் குனிய முடிகிறது. அதில் பெரும்பங்கு தசை நீண்டதால் வருவதில்லை, இழுவையைப் பொறுத்துக்கொள்ளும் அளவு கூடியதால் வருவது. வெப்ளர், மேக்னஸன் என்ற ஆய்வாளர்கள் 2010-ல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். எனவே ‘தசை குட்டையாகிவிட்டது, இழுத்து நீளமாக்க வேண்டும்’ என்ற படமே பல நேரம் தவறு. நீளம் சரியாகத்தான் இருக்கிறது, கட்டளைதான் நிற்கவில்லை.

கரிசல்

சார், புரியுது. நாள் முழுக்கத் தையல் மெஷின்லயோ கம்ப்யூட்டர் முன்னாடியோ உட்கார்றவங்களுக்கு எதிலேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க. எத்தனை தடவை, எவ்வளவு நேரம், கீழே என்ன விரிக்கணும், எல்லாமே.

பாய்விரிப்பு (அசைவு வகுப்பு நடத்துபவர்)

கரிசல், படுத்தே ஆரம்பிக்கலாம். உட்காரும்போதும் நிற்கும்போதும் உடம்பு விழாமல் இருக்கப் பாடுபடுகிறது, அந்த வேலை நடக்கும் தசையில் ‘விடு’ என்ற பாடம் ஏறாது. படுத்தால் அந்தச் சுமை இல்லை.

மெத்தை வேண்டாம். மெத்தை உடம்பின் மேடு பள்ளத்தை எல்லாம் விழுங்கிவிடும், எங்கே அழுந்துகிறது என்ற செய்தி கிடைக்காது. பாய், அதன் மேல் இரண்டாக மடித்த போர்வை போதும். தலைக்கு 2 முதல் 4 செ.மீ. உயரத்துக்கு மடித்த துண்டு. நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தாடை மேலே தூக்கியிருந்தால் இன்னொரு மடிப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

முதலில் கால்களை நீட்டி 2 நிமிடம் சும்மா படுங்கள். இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் ஒப்பிட இதுதான் அளவுகோல். எந்தக் குதிகால் அதிகம் அழுந்துகிறது? பிட்டத்தின் எடை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா இடப்பக்கமா? இடுப்பு வளைவுக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கை நுழையுமா, முஷ்டியே நுழையுமா? கையை விட்டுப் பார்த்து நினைவில் வையுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளில் எது தரையில் பரந்து கிடக்கிறது?

அடுத்து முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். பாதங்களுக்கு நடுவே இடுப்பகலம், குதிகால் பிட்டத்திலிருந்து சுமார் ஒன்றரைச் சாண் தள்ளி. மூச்சை உள்ளே இழுக்கும்போது வால் எலும்பின் பக்கம் எடையை உருட்டுங்கள், இடுப்பு வளைவு தரையை விட்டு மெல்ல எழும். பிட்டம் தரையை விட்டு எழவே கூடாது. உங்களால் முடிகிற வளைவில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இடுப்பின் இருபக்கமும் நீளத் தசைகள் கயிறு போல எழுந்து நிற்பதை உணர்ந்ததும் மூச்சை விட்டபடி அந்தக் கயிற்றைத் தளர்த்துங்கள். மனதுக்குள் 8 வரை எண்ணுங்கள். 8-ல்தான் தரை வந்து சேர வேண்டும். பிறகு இரண்டு மூச்சு, எதுவும் செய்யாமல்.

இது 6 முதல் 8 தடவை. பிறகு எதிர்த்திசை: மூச்சை விடும்போது அடிவயிற்றைச் சிறிதாக உள்வாங்கி இடுப்பைத் தரையில் அழுத்தி, மெல்ல விட்டு, ஓய்வு. அதுவும் 6. முடிந்ததும் காலை நீட்டி மறுபடி 2 நிமிடம் படுத்து, பழைய கேள்விகளையே கேளுங்கள். முஷ்டி நுழைந்த இடத்தில் இப்போது உள்ளங்கை உரசினால் தசை காவலைக் கொஞ்சம் விட்டிருக்கிறது என்று பொருள்.

மொத்தம் 15 நிமிடம். தினமும் 15 நிமிடமாக 3 வாரம் செய்வது, வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் செய்வதை விட எவ்வளவோ மேல்.

கரிசல்

செஞ்சு பார்க்கிறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணு இருக்கு. தூக்கும்போது நல்லாப் போகுது, இறக்கும்போது 5, 6 எண்ணும்போது படிக்கட்டுல சைக்கிள் இறங்குற மாதிரி தடக் தடக்னு விழுது. இது தப்பா?

பாய்விரிப்பு

தப்பில்லை. இந்தப் பயிற்சியிலேயே விலையுயர்ந்த செய்தி அதுதான். வழுக்கிக்கொண்டு வரும் தூரத்தில் மூளைக்குத் தசை மேல் பிடி இருக்கிறது. ‘தடக்’ என்று விழும் இடத்தில் பிடி இல்லை, அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறது.

பெரும்பாலானவர்கள் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப்படுத்தப் பார்ப்பார்கள். அதனால் இன்னும் நடுங்கும். செய்ய வேண்டியது, அந்த இடத்துக்குச் சற்று மேலே போய் நின்று, நடுக்கம் வரும் அரை அங்குலத்தை மட்டும் மேலும் கீழுமாக 4, 5 தடவை, வேகத்தைப் பாதியாக்கிச் செய்வது. நெல்லில் கல் பொறுக்குகிற நிதானம் வேண்டும். பிறகு முழுப் பயணத்தையும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

தசைநார்

சிறிதாகவும் மெதுவாகவும் செய்யச் சொல்வதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. ஃபெல்டன்கிரைஸ் திரும்பத் திரும்பச் சொன்ன வெபர் விதி அது. 1 கிலோ பையை ஏந்தியிருக்கும் கையில் 50 கிராம் கூடினால் தெரியும். 20 கிலோ மூட்டையைச் சுமக்கும்போது அதே 50 கிராம் ஏறினாலும் தெரியாது. புலன் வித்தியாசத்தை விகிதத்தில்தான் அளக்கிறது. தசை 80 சதவீதம் இறுகியிருக்கையில் 2 சதவீதத் தளர்வு மூளைக்கு எட்டாது, 10 சதவீத இறுக்கத்தில் எட்டும். ‘நன்றாக உழைத்துச் செய்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

வேகமும் அப்படியே. தசைக்குள் கதிர் வடிவ நீள உணரிகள் இருக்கின்றன, ஸ்பிண்டில் என்போம். திடீரென்று இழுத்தால் அவை முதுகுத்தண்டு மட்டத்திலேயே தசையைச் சுருக்கிவிடும், மூளையைக் கேட்பதில்லை. முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் எகிறுவது அந்த வழிதான். மெதுவாகப் போனால் அந்த அனிச்சை கிளம்பாது.

கண்ணில் படும் தவறுகளில் முதலிடம் தாடைக்கு. இடுப்பை வளைக்கும்போது பற்கள் சேர்ந்துகொள்ளும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டாமல் கீழே கிடத்தினால் தாடை விடும். அடுத்தது பிட்டத்தை இறுக்குவது. உள்ளங்கையைப் பிட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், கல்லாக இருந்தால் இடுப்புத் தசை செய்ய வேண்டிய வேலையை அது பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பாதத்தால் தரையைத் தள்ளுவதும் அதே வகை. மூச்சை அடக்குவது கடைசி. 8 வரை மனதில் எண்ணாமல் முணுமுணுத்து எண்ணினால் மூச்சு அடங்காது.

நாணல்

இங்கே ஃபெல்டன்கிரைஸின் ‘இடுப்புக் கடிகாரம்’ பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். இடுப்பை வளைத்து, தரையில் அழுத்தும் மேலே சொன்ன பயிற்சி பழகிய பிறகு எல்லாரும் அங்கேதான் போகிறார்கள், பாதிப் பேர் அவசரப்பட்டு வட்டம் சுற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாய்விரிப்பு

சரியாகச் சொன்னீர்கள். வட்டம் கடைசியில் வருவது.

அதே படுக்கை, முழங்கால் மடக்கியபடி. அடிவயிற்றின் மேல் ஒரு கடிகாரம் முகம் மேலே பார்க்கக் கிடப்பதாக வையுங்கள். 12 தொப்புள் பக்கம், 6 வால் எலும்புப் பக்கம், 3 இடது இடுப்பு, 9 வலது இடுப்பு. 12-க்கு எடை போனால் இடுப்பு தரையில் அழுந்தும், 6-க்குப் போனால் வளைவு எழும்.

முதலில் 12-லிருந்து 6-க்கு, திரும்ப 12-க்கு, 10 தடவை. ஒரு நிமிட ஓய்வு. பிறகு 3-க்கும் 9-க்கும் இடையே 10 தடவை. முழங்கால்கள் இரண்டும் கூரையையே பார்க்கட்டும், பக்கவாட்டில் சரிந்தால் இடுப்பு உருளவில்லை, கால்தான் இழுக்கிறது. மறுபடி ஓய்வு. அடுத்து 12-லிருந்து 1-க்குப் போய் 12-க்கு வாருங்கள். பிறகு 12, 1, 2 போய்த் திரும்புங்கள். இப்படி ஒவ்வொரு எண்ணாகச் சேர்த்து 6 வரை. வலது பாதியைத் தொடவே வேண்டாம்.

இப்போது காலை நீட்டிப் படுத்துப் பாருங்கள். ஒருபக்கம் மட்டும் நீளமாக, பாரமாக, சூடாகக் கூடத் தெரியும். இந்தக் கோணல் ஒரு நிமிடமாவது இருக்கட்டும். சமப்படுத்தும் அவசரம் வேண்டாம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாறினால் மூளைக்கு ஒப்பிட ஆள் இல்லை. ஒருபக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று அருகருகே கிடக்கும்போதுதான் ‘ஓ, இவ்வளவு நாள் இப்படிப் பிடித்திருந்தோமா’ என்பது புலப்படும். பாடத்தின் பாதி இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. பிறகு வலது பாதி, அதன் பிறகு முழு வட்டம்.

பலருக்கு 4-க்கும் 5-க்கும் நடுவிலோ, 7-க்கும் 8-க்கும் நடுவிலோ கடிகாரம் எகிறும். எகிறும் எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து எகிறும் இடம் நகர்ந்திருக்கும், அல்லது குறுகியிருக்கும்.

அகல்விளக்கு (மனநல ஆலோசகர்)

உடல் பக்கம் அழகாகப் போகிறது. ‘மனதோடு இணைவது’ என்பது என்ன என்று ஒரு வார்த்தை. இருதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் இறுக்கம், சூடு இவற்றின் செய்திகள் மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு வந்து சேர்கின்றன. பயம், பதற்றம், நிம்மதி என்று நாம் பெயர் வைப்பவற்றுக்கு அந்தச் செய்திகளும் மூலப்பொருள். ‘வயிற்றைக் கலக்குகிறது’, ‘நெஞ்சு பாரமாக இருக்கிறது’ என்று தமிழில் பேசும்போது நாம் துல்லியமாகவே பேசுகிறோம். உள்ளிருந்து வரும் செய்தி மங்கலாக இருப்பவருக்குத் தோள் காதுவரை ஏறிய பிறகும் கோபம் வந்தது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். இந்த அசைவுகள் அந்தச் செய்தியை முன்கூட்டியே படிக்கப் பழக்குகின்றன.

ஆனால் எல்லாருக்கும் கண்ணை மூடிப் படுப்பது நல்லதல்ல. விபத்து, வன்முறை, நீண்ட கால அச்சம் வழியாக வந்தவர்களுக்கு உடம்பை உற்றுக் கேட்பதே அபாய மணியாக அடிக்கலாம். பதற்றத் தாக்கு வருகிறவர்கள் இருதயத் துடிப்பைக் கவனித்தால் அது இன்னும் கூடும்.

அவர்களுக்குக் கண் திறந்தே இருக்கட்டும். படுக்க வேண்டாம், சுவரில் முதுகு சாய உட்காரலாம், கதவு கண்ணில் படும்படி. நெஞ்சிலும் வயிற்றிலும் தொடங்காமல் உள்ளங்காலில் தொடங்க வேண்டும். தரை குளிர்ச்சியா, சொரசொரப்பா, எந்த விரல் தொடவில்லை என்று பார்க்கலாம். 10 நொடி உள்ளே, 10 நொடி வெளியே. வெளியே என்றால் அறையில் தெரியும் 3 பொருளுக்குப் பெயர் சொல்வது. இப்படி 4, 5 சுற்று போதும், அன்றைக்கு அவ்வளவுதான்.

கொட்டாவி, பெருமூச்சு, வயிறு குடுகுடுப்பது, கண்ணில் லேசாக நீர் இவை வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. அறை தூரமாகப் போவது போலிருந்தாலோ, கை கால் தன்னுடையது இல்லை என்று தோன்றினாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ அப்போதே நிறுத்துங்கள். எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் அழுத்தி மிதித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசுங்கள். ‘இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உடைப்பெடுத்த வாய்க்காலில் மேலும் மடை திறப்பது.

செங்காந்தள்

அக்கா, இதையொட்டி ஒரு கேள்வி. முதுகெலும்பையும் தொடையையும் இணைக்கும் சோவாஸ் தசையில்தான் பழைய பயமெல்லாம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, 28 நாள் அசைவில் அதைக் கரைத்துவிடலாம், மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைந்து வயிறு உள்ளே போகும் என்று வீடியோக்கள் வருகின்றனவே. எவ்வளவு உண்மை?

அகல்விளக்கு

தசை நினைவுகளைப் போட்டு வைக்கும் பெட்டி அல்ல அம்மா. நினைவு மூளையில் இருக்கிறது. நினைவு கிளம்பும்போது தசை அதற்குத் தக்கபடி இறுகுகிறது, பலமுறை இறுகினால் அதுவே பழக்கமாகிறது. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லக்கூடியது. 28 நாள் கணக்குக்கு அடிப்படை இல்லை. இடுப்பைச் சிறிதாக உருட்டினால் வயிற்றுக் கொழுப்பு குறையும் என்பதற்கும் இல்லை.

தசைநார்

பயத்துக்கும் மடக்குத் தசைகளுக்கும் உள்ள தொடர்பு மட்டும் நன்றாகப் பதிவானது. கார்னி லேண்டிஸ், வில்லியம் ஹன்ட் இருவரும் 1939-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கிச் சத்தத்துக்குத் திடுக்கிடும் மனிதர்களை அதிவேகப் படமெடுத்துப் பார்த்தார்கள். முதலில் இமை மூடுகிறது, தலை முன்னால் வருகிறது, தோள் உயர்ந்து வளைகிறது, முழங்கை மடங்குகிறது, வயிறு சுருங்குகிறது, முழங்கால் மடங்குகிறது. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஹன்னா ‘சிவப்பு விளக்கு’ அனிச்சை என்றது இந்த வடிவத்தைத்தான். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் குனிந்திருப்பவரின் உடம்பை இதோடு ஒப்பிட்டால் ஒற்றுமை தெரியும். ஆனால் வடிவம் ஒத்திருப்பதால் காரணமும் பயம்தான் என்று முடிவு கட்டக் கூடாது. நாற்காலியின் உயரம் தவறாக இருந்தாலும் அதே வடிவம் வரும்.

பலன் பற்றிய சான்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வகை முறைகளிலேயே வலுவான சோதனை, உடம்பைப் பிடித்துவைக்கும் பழக்கத்தை மாற்றக் கற்பிக்கும் அலெக்சாண்டர் டெக்னிக்குக்கு நடந்தது. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஏடீம் ஆய்வு அது, இங்கிலாந்தில் இடுப்புவலி உள்ள 579 பேர். ஓராண்டு கழித்து 4 வாரத்தில் எத்தனை நாள் வலி என்று கேட்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் இடைநிலை (வரிசையில் நடுவில் இருப்பவரின் கணக்கு) 21 நாள், 24 தனிப்பாடம் பெற்ற பிரிவில் 3 நாள். 6 பாடத்தோடு நடைப்பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அந்தப் பலனில் பெரும்பகுதியை எட்டினார்கள். எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்று பங்கேற்றவர்களுக்குத் தெரியும், அதனால் எதிர்பார்ப்பின் பங்கையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஃபெல்டன்கிரைஸ் முறைக்கு 2015-ல் வந்த திரட்டாய்வு 20 சோதனைகளைப் பார்த்தது. முதியவர்களின் சமநிலைக்கு நம்பிக்கை தரும் முடிவுகள் இருந்தன, ஆனால் பல சோதனைகள் சிறியவை, தரமும் ஏற்றத்தாழ்வாக இருந்தது. ஆஸ்திரேலியா 2019 ஏப்ரல் 1 முதல் அலெக்சாண்டர், ஃபெல்டன்கிரைஸ் உட்பட 16 முறைகளைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கியதும் இப்படிச் சான்று போதவில்லை என்ற காரணத்தால்தான். என் கணிப்பில், நாட்பட்ட இடுப்பு, கழுத்து இறுக்கத்துக்கு முயன்று பார்க்கத் தகுந்த முறை. மருந்தையோ மனநல சிகிச்சையையோ நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய முறை அல்ல.

நாணல்

முன்னேற்றத்தை அளக்கவும் அதே கேள்வியைப் பயன்படுத்தலாம்: ‘கடந்த 4 வாரத்தில் வலி இருந்த நாள் எத்தனை?’ காலண்டரில் வலி இருந்த நாளில் ஒரு புள்ளி வைத்தால் போதும். ‘இன்று எப்படி இருக்கிறது’ என்று தினமும் கேட்டுக்கொண்டால் மனநிலைக்கு ஏற்றபடி பதில் மாறும்.

இன்னொன்று, வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2008-ல் செய்த சிறு ஆய்விலிருந்து. நாட்பட்ட முதுகுவலி உள்ள 6 பேரிடம், தொட்டுப் பார்க்காமல் உள்ளிருந்து உணர்கிறபடி உங்கள் முதுகின் எல்லைக் கோட்டை வரையுங்கள் என்றார். வலி இருக்கும் இடத்தில் அவர்களால் கோட்டைத் தொடர முடியவில்லை, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றார்கள். இதை வீட்டிலும் செய்யலாம். பயிற்சி தொடங்கும் நாளில் ஒரு படம், 3 வாரம் கழித்து ஒரு படம். தெரிந்ததை மட்டும் வரைய வேண்டும், கண்ணாடி நினைவை வைத்து அழகாக வரைந்தால் பயனில்லை.

கரிசல்

வேலை இடத்துல பாய் விரிக்க முடியாது. நாற்காலியிலேயே 5 நிமிஷத்துல செய்ய ஏதாவது?

பாய்விரிப்பு

இருக்கிறது. நாற்காலியின் முன் விளிம்பில் உட்காருங்கள், சக்கரம் வைத்து உருளும் நாற்காலி வேண்டாம். இரு பாதமும் தரையில். வசதியான அளவுக்கு வலப்பக்கம் திரும்புங்கள், மூக்கு காட்டும் இடத்தில் சுவரில் ஏதாவது ஒன்றை அடையாளம் வையுங்கள், காலண்டர் ஆணியோ ஜன்னல் கம்பியோ. நேராக வந்துவிடுங்கள்.

இப்போது தலையும் தோளும் வலப்பக்கம் போகும்போது கண்கள் மட்டும் இடப்பக்கம் போகட்டும். 5 தடவை, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. முதலில் குழப்பும், வேகத்தைக் குறைத்தால் பிடிபடும். அடுத்து வலப்பக்கம் திரும்பிய நிலையில் தோளை அங்கேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் இடம் வலமாக 5 தடவை. அடுத்து, திரும்பும்போது இடது முழங்கால் அரை அங்குலம் முன்னால் நழுவவும் வலது முழங்கால் அதே அளவு பின்னால் போகவும் விடுங்கள், 5 தடவை. ஒரு மூச்சு ஓய்வெடுத்துவிட்டு எல்லாம் சேர்ந்து வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். மூக்கு ஆணியைத் தாண்டிப் போகும்.

ஒரு தசையைக் கூட நீட்டவில்லை. கண்ணும் கழுத்தும் எப்போதும் கட்டிப்போட்ட மாதிரி ஒன்றாகவே போகும், அந்தக் கட்டைத்தான் அவிழ்த்தோம். மண்டையோட்டுக்கு அடியில் உள்ள சிறு கழுத்துத் தசைகளில் நீள உணரிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன, கண் அசையும்போதே அவை தயாராகிவிடும். பின்மண்டைக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் இடம் வலமாக ஓட்டினால் விரலடியில் அவை துடிப்பது தெரியும்.

இடப்பக்கத்துக்கு இதையெல்லாம் செய்யாமல் மனதுக்குள் மட்டும் ஒரு சுற்று செய்து பாருங்கள். பிறகு நிஜமாகத் திரும்புங்கள். அங்கேயும் கொஞ்சம் கூடியிருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் கண் எதிர்த்திசைப் பகுதியை விட்டுவிட வேண்டும்.

செங்காந்தள்

சொல்லித்தருபவரைத் தேடினால் ‘சொமாட்டிக்’ என்று பலவிதப் பெயர்கள் வருகின்றன. எப்படி வேறுபடுத்துவது?

அகல்விளக்கு

முதலில் இரண்டாகப் பிரியுங்கள். அசைவைக் கற்பிப்பவை ஒரு பக்கம்: ஃபெல்டன்கிரைஸ், அலெக்சாண்டர், ஹன்னா. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலையோடு வேலை செய்பவை இன்னொரு பக்கம்: பீட்டர் லெவின் உருவாக்கிய ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ போன்றவை. அசைவு ஆசிரியர் மனக்காயத்தைக் கையில் எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரப் பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். ஃபெல்டன்கிரைஸ் ஆசிரியர் பயிற்சி 3, 4 ஆண்டுகளில் சுமார் 800 மணி நேரம், அலெக்சாண்டர் 3 ஆண்டுகளில் 1,600 மணி நேரம். வார இறுதி ஒன்றில் சான்றிதழ் வாங்கியவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறாரா, ‘வேண்டாம்’ என்றால் முகம் மாறாமல் ஏற்கிறாரா என்று முதல் வகுப்பிலேயே கவனியுங்கள்.

தசைநார்

யார் செய்யக் கூடாது, யார் மாற்றிச் செய்ய வேண்டும் என்பதையும் பதிந்துவிடுகிறேன்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது: இதில் எது வந்தாலும் பாயைச் சுருட்டிவிட்டு அன்றே மருத்துவமனை. இடுப்புவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, விழுந்தபின் வந்த வலி இவையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களிடம் ‘உள்ளங்காலைக் கவனி’ என்பது வேலை செய்யாது, கிடைக்காத செய்தியைத் தேடிச் சோர்ந்துபோவார்கள். பிட்டம், உள்ளங்கை, முதுகு தரையில் படும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று செய்யும் எதையும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில், கண் திறந்து செய்ய வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) உட்கார்ந்து முன்னால் வளையும் அசைவுகளை விட்டுவிடலாம், படுத்துச் செய்யும் சிறிய வளைவு போதும். மூட்டுகள் இயல்பாகவே அதிகம் வளைபவர்கள் எல்லைவரை போகவே கூடாது, நடுப்பகுதியில் மட்டும்.

கரிசல்

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு? தரையில இறங்க முடியாத வயசானவங்களுக்கு?

பாய்விரிப்பு

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்க வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கடியில் மடித்த துண்டு. அதே 12, 6 அசைவைப் பக்கவாட்டில் செய்யலாம், பிட்டம் பின்னால் போய் வளைவு எழும், முன்னால் வந்து தளரும். அளவு இன்னும் பாதி. மருத்துவர் படுக்கை ஓய்வு சொல்லியிருந்தால் இதுவும் வேண்டாம்.

முதியவர்களுக்குப் பலகைக் கட்டிலில் ஒரு போர்வை போதும். சுவர் ஓரமாகப் போட்டிருந்தால் நல்லது, உருளும்போது பயம் இருக்காது. முடித்ததும் மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்கார வேண்டாம். முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, அந்த எடையே உடலைத் தூக்க, கையால் அழுத்தி எழ வேண்டும். உட்கார்ந்து ஒரு நிமிடம், பிறகு நின்று ஒரு நிமிடம், பிறகு வீட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடை. படுத்துக் கற்றது நிற்கும் உடம்புக்கு இடம் மாறுவது அந்த நடையில்தான், அதனால் உடனே போனை எடுத்துக்கொண்டு குனிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.